பதினோராவது போல்ட்

டெஸ்டருக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு காக்கையால்.

மாமனாரின் பழைய காருக்கு டெஸ்டரின் சகலை பெயிண்ட் அடித்து முடித்த அன்று, அந்தக் காக்கை பானட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. குனிந்து பார்த்தால் உள்ளே இன்னொரு காக்கை. இது கொத்தியது, அதுவும் திருப்பிக் கொத்தியது. ஒன்றே முக்கால் மணி நேரம் சண்டை. கடைசியில் காக்கை களைத்துப்போய்ப் பறந்துவிட்டது. பானட்டில் ஒரு கீறல் இல்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுச் சண்டையையும் பார்த்த மாமனார், "பெயிண்ட்னா இதுதான் பெயிண்ட்" என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் காக்கைக் கதைதான். இரண்டாம் வாரத்தில் சண்டை மூன்று மணி நேரமாக வளர்ந்திருந்தது.

டெஸ்டர் என்பது பட்டப்பெயர். கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும், தூங்கும்போதுகூட என்று மனைவி சொல்வாள். சகலை டிங்கரிங், பெயிண்டிங். அக்காவைக் கட்டியவர் டெஸ்டர், தங்கையைக் கட்டியவர் சகலை. மாமனாரின் பட்டறையிலேயே இருவருக்கும் வேலை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒயர், அந்தப் பக்கம் பெயிண்ட். இதில் ஒரு அநியாயம் இருந்தது. பெயிண்ட் வேலை நன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒயர் வேலை நன்றாக இருந்தால் தெரியவே தெரியாது. பல்பு எரிந்ததற்காக யாரும் யாரையும் கட்டிப் பிடித்துக்கொள்வதில்லை.

கார் இருபத்திரண்டு வருடம் ஷெட்டில் தூங்கிய கார். அதை எழுப்பி, பழைய கார்களின் அணிவகுப்பில் நிறுத்திவிட வேண்டும் என்று மாமனார் பெயர் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மைதானத்தின் வாசலில் நடுவர் நிற்பார். விளக்கு, ஹார்ன், வைப்பர் எல்லாம் ஒழுங்காக இருந்தால் உள்ளே. ஒரு பல்பு கண் சிமிட்ட மறந்தாலும் வெளியே. அந்தக் காலத்தில் அந்த வண்டியில் இல்லாத ஒயர் ஒரு முழம் இருந்தாலும் வெளியே.

மாமனார் இரண்டு மருமகன்களையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "இதை யாரு உயிரோட எழுப்பி நிறுத்துறீங்களோ, அன்னிக்கு ஸ்டியரிங் அவங்க கையில. நானும் உங்க அத்தையும் பின்னாடி உக்காந்துக்குவோம்."

டெஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெயிண்ட் அடித்து எந்த வண்டி எழுந்திருக்கிறது? எழுப்புவது கரண்ட். ஆகவே ஸ்டியரிங் தனக்குத்தான். அன்றே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஜன்னலில் முழங்கையை ஊன்றி, இல்லாத கூட்டத்துக்குத் தலையசைத்துப் பழகினார். மனைவி எட்டிப் பார்த்து, "கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் காக்கை வந்தது. மயில் கழுத்து நீலம் வந்தது. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். மாமனார் கதவில் முகம் பார்த்து ஷேவ் செய்துகொண்டார். டெஸ்டரின் சொந்த மனைவியே, "தங்கச்சி வீட்டுக்காரர் கையில என்னமோ இருக்குங்க" என்றாள். டெஸ்டருக்கு அப்போது எரிந்த எரிச்சலில் ஒரு பல்பை மாட்டியிருந்தால் தெருக்கோடி வரைக்கும் வெளிச்சம் கிடைத்திருக்கும்.

ஒரு குறையாவது கண்டுபிடிக்காமல் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்து, அன்று மத்தியானம் வண்டியை வலம் வந்தார். கிடைத்தது. மட்கார்டின் உள்பக்கம், ஒரு போல்ட்டைச் சுற்றி நாணய அளவுக்கு வெறும் இரும்பு. பெயிண்டே இல்லை. இன்னும் தேடினார். டிக்கிக்குள் ஒன்று. விளக்குக் கூட்டின் பின்னால் ஒன்று. மொத்தம் பதினோரு வட்டம்.

"மாமா, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். "ஊரே மெச்சுற பெயிண்ட்டு. இது என்ன, அம்மைத் தழும்பா?"

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சகலை தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, அது..."

"அதுவும் கிடையாது, இதுவும் கிடையாது. கல்யாணப் பொண்ணு பல்லுல பொந்து மாதிரி இருக்கு. நாளைக்கு நடுவர் பார்த்தா யாருக்கு அசிங்கம்? மாமாவுக்கு."

மாமனார் உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான், டெஸ்டருக்கு வயிறு குளிர்ந்தது. சகலையின் முகம் சிறுத்துவிட்டது. டெஸ்டர் வீட்டுக்குப் போய் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதன் பிறகு அந்தப் பெயிண்ட் இருக்கும் பக்கம் அவர் கண்ணைத் திருப்பவே இல்லை. பார்த்தால் பாராட்டியதாகிவிடுமே.

இரண்டு வாரத்தில் ஒயரிங் முழுவதும் முடிந்தது. பழைய முறைப்படி துணி சுற்றிய ஒயர். ஒரு இணைப்பைக்கூட அவர் சும்மா முறுக்கி விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை குடும்பமே வந்து நின்றது. டெஸ்டர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலில் ஊன்றி, ஹார்னை அமுக்கினார்.

ஹார்ன் வாயைத் திறக்கவில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கு லேசாக ஒளிர்ந்தது.

"அத்தான், இன்னொரு தடவை அமுக்குங்க!" கொழுந்தியாள் வண்டியின் பின்னால் நின்று கைதட்டினாள். "வெக்கப்படுது!"

இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டார். வைப்பர் நெளிந்தது. பிரேக்கை மிதித்தார். முன் விளக்குகள் லேசாக எரிந்து, எதையோ நினைத்துக்கொண்டதுபோலப் பிரகாசமாகி, மறுபடி மங்கின. முன் விளக்கைப் போட்டபோது பெட்ரோல் முள் எழுந்து 'நிரம்பியது' என்ற கோட்டில் போய் நின்றது. டாங்கில் இருந்தது இரண்டு லிட்டர்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "லைட்டைப் போட்டா பெட்ரோல் ஏறுதே. இனிமே பங்குக்கே போக வேண்டாம் போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. அது டெஸ்டரை இன்னும் அதிகமாகச் சுட்டது.

"மாப்ளே," என்று மாமனார் சகலை பக்கம் திரும்பினார், "நீங்களும் ஒரு பார்வை பாருங்களேன். கைராசிக்காரர் நீங்க."

"ஒயர்ல எனக்கு என்ன தெரியும் மாமா? அண்ணன் பார்த்துக்குவார்."

இந்த அடக்கத்தை எந்தக் கடையில் வாங்குகிறான் இவன் என்று நினைத்துக்கொண்டு டெஸ்டர் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் தலை வெளியே வரவில்லை. ஃபியூஸ்களைக் கழற்றி மாட்டினார். சுவிட்சுகளைப் பிரித்துத் தேய்த்தார். எர்த் ஒயர்களை மட்டும் விட்டுவிட்டு, மாட்டிய மற்ற ஒயர் முழுவதையும் கழற்றித் தரையில் பரப்பி, நுனியிலிருந்து நுனி வரை டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார். டெஸ்ட் லாம்ப் என்பது ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர். ஒன்றின் முனையில் கிளிப். கிளிப்பை பேட்டரியில் கவ்வவிட்டு மற்றதால் தொட்டால், கரண்ட் வருகிற இடத்தில் பல்பு எரியும். எல்லா இடத்திலும் எரிந்தது. ஒரு ஒயரும் பொய் சொல்லவில்லை. மறுபடி மாட்டினார். மறுபடி ஹார்ன் அடித்தால் பின் விளக்கு வெட்கப்பட்டது.

எலக்ட்ரிக் வேலையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. கரண்ட் ஒயர் வழியாகப் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. அதற்கு எர்த் என்று பெயர். திரும்பும் பாதை அடைபட்டால், கரண்ட் வீட்டுக்கு வழி தெரியாமல் கண்ட கதவைத் தட்டும். ஹார்னுக்குப் போனது பின் விளக்கில் போய்ப் படுக்கும். டெஸ்டர் அதை நினைக்காமலா இருப்பார்? நினைத்தார். ஆனால் எர்த் ஒயர்கள் முறுக்கப்படுகிற இடங்களில் வெறும் இரும்பு பளபளத்ததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாரே. அதனால் அங்கே போகவில்லை. போனால் பெயிண்டைப் பார்க்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மனைவி டீ கொண்டுவந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைக்கும்."

"தங்கச்சி வீட்டுக்காரர் ராத்திரி சரியாச் சாப்பிடலையாம். 'அண்ணன் தனியா கஷ்டப்படுறாரே'ன்னு சொன்னாராம். தங்கமான மனுஷன்."

"டீயில சக்கரை இல்ல" என்றார் டெஸ்டர். இருந்தது.

அவள் திரும்பும்போது டெஸ்ட் லாம்பின் நீள ஒயரில் கால் மாட்டிக் கிளிப் பிய்ந்தது. டெஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே குட்டையான ஒயரில் கிளிப்பைக் கட்டினார். அது பேட்டரி வரை எட்டாது. ஆகவே பக்கத்தில் மட்கார்டுக்குள் இருந்த எர்த் போல்ட்டில் கவ்வவிட்டார். தொட்டார். பல்பு எரியவில்லை. ஆட்டினார். எரியவில்லை. டார்ச் அடித்துக் குனிந்தார்.

போல்ட்டைச் சுற்றி வட்டம் இல்லை. மயில் கழுத்து நீலம். போல்ட்டைக் கழற்றினார். அடியிலும் நீலம்; அதன் மேல் கண்ணாடி போல வார்னிஷ். எர்த் ஒயரின் வளையம் அந்த வார்னிஷ் மேல் ஒரு பொம்மைபோல உட்கார்ந்திருந்தது.

டிக்கிக்கு ஓடினார். அங்கேயும் நீலம். விளக்குக் கூட்டின் பின்னாலும் நீலம். பதினோரு இடத்திலும் சகலை, டெஸ்டர் முதல் வேலையாக மாட்டியிருந்த எர்த் ஒயர்களைக் கழற்றி, மூன்று கோட்டிங் அடித்து, காயவைத்து, ஒயர்களை மறுபடி முறுக்கியும் கொடுத்திருந்தார். முறுக்கு அவ்வளவு இறுக்கம்; வேலையில் குறை சொல்ல முடியாது.

டெஸ்டர் தரையில் உட்கார்ந்தார். முதலில் வந்தது சந்தோஷம். பெயிண்ட்! குற்றவாளி பெயிண்ட்! இரண்டு நாள் அவமானத்துக்கும் சேர்த்து, குடும்பத்தைக் கூட்டி, அந்த நீலத்தைக் காட்டிக் கேட்கலாம். அதன் பின்னால் மெதுவாக இன்னொரு நினைப்பு வந்து உட்கார்ந்தது. பெயிண்ட் அடிக்கும்போது அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்து வெறும் இரும்பாக விட்டிருந்தது சகலைதான். தனக்காக. அதை அம்மைத் தழும்பு என்றது யார் என்று அவர் யோசிக்கப் பிரியப்படவில்லை.

"எல்லாரும் வாங்க!" என்று கத்தினார்.

வந்தார்கள். டெஸ்டர் போல்ட்டைத் தூக்கிக் காட்டினார். "மாமா, ரெண்டு நாளா என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல. எர்த்துக்கு அடியில பெயிண்ட். காக்கா சண்டை போட்ட அதே பெயிண்ட்."

மாமனார் சகலையைப் பார்த்தார். "மாப்ளே, என்ன இது? எர்த்துல போயா அடிச்சீங்க?"

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். சகலை டெஸ்டரைப் பார்த்தார். ஒரு நொடி. டெஸ்டருக்குக் காது மடல் சுட்டது. சொல்லப் போகிறான், இதோ சொல்லிவிடப் போகிறான்.

"ஆமா மாமா," என்றார் சகலை. "என் தப்புதான். யோசிக்காம அடிச்சுட்டேன்."

கொழுந்தியாள் கணவனின் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கினாள். மாமியார், "பரவாயில்ல தம்பி, தப்ப ஒத்துக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்றாள். டெஸ்டரின் மனைவி திரும்பி டெஸ்டரைப் பார்த்தாள். 'நீங்க என்னிக்காவது ஒத்துக்கிட்டிருக்கீங்களா' என்று அந்தப் பார்வையில் முழு வாக்கியமும் இருந்தது.

பெயிண்ட் அவனுக்கு, காக்கை அவனுக்கு. இப்போது பெருந்தன்மையும் அவனுக்கே போகிறதா? குற்றம் என்னுடையது. என் பொருளை இவன் எடுத்துப் போட்டுக்கொண்டு பேர் வாங்குவதா?

"பொய்!" என்றார். "தப்பு என்னுது. அந்த இடத்தை அவர் சுத்தமா விட்டுத்தான் வச்சிருந்தார். நான்தான் உங்களைக் கூப்பிட்டு வச்சு அசிங்கமா இருக்குன்னு சொன்னேன்."

"இல்ல அண்ணே, நான்தான் விளக்கிச் சொல்லியிருக்கணும்."

"நீங்க சொல்ல வந்தீங்க. நான் வாயை அடைச்சேன். அதுல உங்களுக்குப் பங்கு கிடையாது."

"பாதிப் பாதி வச்சுக்கலாம் அண்ணே."

"காலணா குடுக்க மாட்டேன்!"

மாமனார் கையை உயர்த்தினார். "தப்பை அப்புறமாப் பங்கு போடுங்க. மணி பன்னெண்டு. முதல்ல சுரண்டுங்க."

சுரண்டினார்கள். அந்த நீலத்தில் உப்புத்தாளை வைத்து முதல் இழுப்பு இழுத்தபோது டெஸ்டருக்கு ஏற்பட்ட சுகத்தைச் சொல்லி முடியாது. ஆனால் அவர் சுரண்டிய வட்டங்கள் கோணல். சகலை சுரண்டியவை காம்பஸ் வைத்தது போல. அதையும் பார்த்துத் தொலைத்தார். சாயங்காலத்துக்குள் பத்து இடம் முடிந்தது. வண்டி உறுமிக் கிளம்பியது. பின் விளக்கு வெட்கத்தை விட்டது. இண்டிகேட்டர் தன் வேலையை மட்டும் பார்த்தது. ஆனால் ஹார்னும் வைப்பரும் முன் விளக்கும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அவை மூன்றுக்கும் பதினோராவது போல்ட். அது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆழத்தில். சகலை அடித்தபோது முன் கண்ணாடி மாட்டியிருக்கவில்லை; இப்போது அதைக் கழற்ற கண்ணாடியை எடுக்க வேண்டும். எடுத்தால் மறுபடி ஒட்டிக் காய ஒரு முழு நாள். தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தக் காலத்தில் இல்லாத ஒயர் கூடாது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு டெஸ்டர் வழி கண்டுபிடித்தார். காலடியில் மல்லாக்கப் படுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு, அதன் நுனியை டாஷ்போர்டின் இரும்பிலும் நடுத்தண்டை உடம்பின் இரும்பிலும் பட வைத்து அழுத்திப் பிடித்தால், கரண்ட் வீடு திரும்பும். ஹார்ன் அலறியது. வைப்பர் ஆடியது. விளக்கு எரிந்தது. ஒயர் கூடாது என்றுதான் விதியில் இருந்தது. ஆள் கூடாது என்று இல்லை.

"எழுப்பிட்டீங்க மாப்ளே!" என்றார் மாமனார். "ஸ்டியரிங் உங்களுது. சொன்னா சொன்னதுதான். ஆனா இதைப் பிடிச்சுக்கிறது யாரு?"

"நான் படுத்துக்கிறேன்" என்றார் சகலை. "அண்ணன் ஓட்டட்டும். அவர் எழுப்பின வண்டி."

மறுபடியும்! இருந்தாலும் ஸ்டியரிங் ஸ்டியரிங்தான். டெஸ்டர் ஏறி உட்கார்ந்தார். முழங்கையை ஊன்றினார். பக்கத்துக் காலடியில் சகலை இஸ்திரி போட்ட சட்டையோடு மல்லாக்கப் படுத்து ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டார். டெஸ்டர் அந்த இடத்தைப் பிடிக்க நாற்பது நிமிடம் தடவியிருந்தார். சகலை விட்ட மாத்திரத்தில் ஹார்ன் கணீரென்று அடித்தது. கை நடுங்கவில்லை, தீப்பொறி பறக்கவில்லை.

மாமனார் பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அட! ஒயர் வேலையும் மாப்ளைக்குக் கைவந்த கலையா இருக்கே!"

டெஸ்டரின் முழங்கை ஜன்னலிலிருந்து வழுக்கியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் முழுவதும் அவனுடையது. இந்தப் பக்கம் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இதையும் இன்றைக்கு ஊர் பார்க்கச் செய்து காட்டிவிட்டான் என்றால், நாளைக்குக் காக்கைக் கதைக்கு இரண்டாம் பாகம் வந்துவிடும்.

"எந்திரிங்க சகலை" என்றார்.

"நல்லாத்தானே அண்ணே பிடிச்சிருக்கேன்?"

"அதான் சொல்றேன், எந்திரிங்க. இது உங்களுக்குச் சரிப்படாது. தொழில் தெரிஞ்சவன் பிடிக்கணும். நான் படுக்கிறேன்."

"அப்ப ஸ்டியரிங்?"

"நீங்களே ஓட்டித் தொலைங்க."

அப்படியாக, மருமகனாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை கைக்கு வந்த ஸ்டியரிங்கைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு டெஸ்டர் தரையில் படுத்தார். மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள். அவருக்குத் தெரிந்தது டாஷ்போர்டின் அடிவயிறும், பிரேக்கின் மேல் சகலையின் பாலிஷ் போட்ட ஷூவும். ஷூவிலும் முகம் தெரிந்தது.

மைதானத்தின் வாசலில் கூட்டம் இரைந்தது. "அடேயப்பா, கலரைப் பாரு!" என்றது ஒரு குரல். "ஓட்டுறவரும் நல்லாத்தான் இருக்காரு" என்றது ஒரு பெண் குரல். போர்வைக்குள் டெஸ்டருக்கு வியர்த்தது. ஸ்க்ரூ டிரைவர் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"விளக்கு?" என்றார் நடுவர். எரிந்தது. "வைப்பர்?" ஆடியது. "ஹார்ன்?"

சகலை ஹார்னை அமுக்கினார். கணீரென்று எழுந்தது, கூட்டம் கைதட்டியது. சகலைக்காக. டெஸ்டருக்கு அந்த நேரத்தில் ஒன்று புரிந்தது: மணிக்கட்டை ஒரு நூலளவு திருப்பினால் போதும். இந்த விளக்கு, இந்தச் சத்தம், இந்தக் கைதட்டல், எல்லாம் நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. வாசலோடு வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஓட்டுகிறவனையும் சேர்த்து.

திருப்பினார்.

ஹார்ன் பாதியில் அறுந்தது. விளக்கு அணைந்தது. மைதானமே மூச்சைப் பிடித்தது போல ஒரு அமைதி. அந்த அமைதி முழுவதும் டெஸ்டருடையது. பிரேக்கின் மேல் இருந்த பாலிஷ் ஷூ ஒருமுறை விலகி, மறுபடி அழுந்தியது. பின் இருக்கையில் மாமனார், "இருபத்திரண்டு வருஷம்..." என்று யாருக்கும் கேட்காமல் சொன்னதும் அவருக்குக் கேட்டது.

திருப்பி வைத்தார். ஹார்ன் எழுந்தது. கை நிலைக்கவில்லை, மறுபடி அறுந்தது, மறுபடி எழுந்தது. விளக்குகள் கூடவே கண் சிமிட்டின.

நடுவர் ஜன்னலில் கையை ஊன்றினார். "அடடா! என்ன தாளம் சார் இது! ஹார்னும் லைட்டும் சேர்ந்து... அந்தக் காலத்து ஸ்டைலா? இன்னொரு தடவை அடிங்க."

சகலையின் ஷூ, மிக மெதுவாக, டெஸ்டரின் தோளை ஒரு முறை தொட்டது.

மேலே சகலை ஹார்னை அமுக்கியபடியே இருக்க, டெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி இன்னொரு தடவை அடித்தார். இந்த முறை ஒழுங்காக: மூன்று நீளம், இரண்டு குட்டை, ஒரு இழுப்பு. கூட்டம் விசிலடித்தது. மைதானத்தை மூன்று சுற்று சுற்றினார்கள். மூன்று சுற்றிலும் கேட்டார்கள். மூன்று சுற்றிலும் அடித்தார். கடைசிச் சுற்றில் அவரே சொந்தமாக ஒரு தாளம் சேர்த்தார். மகிழ்ச்சியாக இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பார்.

பரிசுக் கோப்பையை ஸ்டியரிங் பிடித்தவர் கையில் கொடுத்தார்கள்.

அன்று மத்தியானம் மனைவி அவருடைய வலது மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "தங்கச்சி வீட்டுக்காரர் என்ன அழகா ஹார்ன் அடிச்சாருங்க! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தாரோ" என்றாள். பிறகு ஏதோ தோன்றியவளாகக் கையை நிறுத்தினாள்.

"ஆமா, நீங்க சும்மா அதைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துத்தானே வந்தீங்க. கை ஏன் இப்படி வீங்கியிருக்கு?"